வீட்டில் செய்யும் மாப்போ டோஃபு சப்பென்று இருப்பது ஏன்?

கேள்வி: மாடிச்சமையல்

வணக்கம். சீனாவின் சிச்சுவான் மாகாணத்து உணவான மாப்போ டோஃபுவை வீட்டில் செய்யும்போதெல்லாம் ஏதோ ஒன்று குறைகிறது. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. நல்ல உணவகங்களில் இதைக் கொண்டுவந்து வைக்கும்போது கிண்ணத்தின் ஓரமெங்கும் செக்கச்செவேலென்று எண்ணெய் தெளிந்து நிற்கிறது. டோஃபு (சோயாப் பனீர்) துண்டுகள் முனை மழுங்காமல் தளதளவென்று இருக்கின்றன, குழம்பு அவற்றை விட்டு வழியாமல் ஒட்டிக்கொள்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டதும் உதடு மெல்ல மரத்துப்போகிறது. என் வாணலியில் வருவதோ வெளிறிய ஆரஞ்சு நிறக் குழம்பு. காரமும் உப்பும் இருக்கின்றன, ஆனால் இரண்டும் சேராமல் தனித்தனியே நாக்கில் படுகின்றன. போதாக்குறைக்கு, பரிமாறிய ஐந்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிடுகிறது.

நான் செய்யும் முறை இது: இரண்டு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் இஞ்சி பூண்டு விழுதையும் கொத்துக்கறியையும் வதக்கித் தண்ணீர் ஊற்றுகிறேன். அது கொதிக்கும்போது டோபான்ஜியாங் என்ற புளிக்கவைத்த மிளகாய்-பயற்று விழுதையும் சோயா சாஸையும் கலந்து, டோஃபுவை நறுக்கிப் போட்டு, கடைசியில் சோள மாவைக் கரைத்து ஊற்றி இறக்குகிறேன். சிச்சுவான் மிளகைப் பொடியாகவே வாங்கி வைத்திருக்கிறேன். அதை மேலே தூவுகிறேன்.

உணவகங்களில் உள்ள பெருந்தீ அடுப்பு நம்மிடம் இல்லாததுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியா? டோபான்ஜியாங் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை, இணையத்தில்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. இப்போது இருப்பது தீர்ந்ததும் அதற்குப் பதிலாக ஷெஸ்வான் சாஸைச் சேர்க்கலாமா? செய்து பழகியவர்கள் விளக்கினால் நன்றி.


பதில்: இருப்புச்சட்டி

வணக்கம் சகோதரி. அடுப்பைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். பெருந்தீயில் வாணலியைத் தூக்கிப் புரட்டிச் செய்யும் வறுவல்களுக்கு, குறிப்பாகக் கான்டன் பகுதிச் சமையலுக்கு, வீட்டு அடுப்பின் தீ போதாது என்பது உண்மை. ஆனால் மாப்போ டோஃபு அந்த வகையைச் சேர்ந்ததே அல்ல. இது விழுதை நிதானமாக வதக்கி, குழம்பு கூட்டி, அதில் டோஃபுவை மெல்லக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்கும் பதார்த்தம். வெளிநாட்டு உணவுகளில் வீட்டு அடுப்புக்கு இதைவிட இணக்கமான ஒன்றை நான் அறியேன். பெருந்தீ வைத்தால்தான் விழுது கருகும், டோஃபு சிதையும்.

உங்கள் முறையில் எனக்குத் தெரியும் குறை, டோபான்ஜியாங்கை எண்ணெயில் வதக்காமல் கொதிக்கும் தண்ணீரில் கலப்பதுதான். மிளகாய்க்குச் செந்நிறம் தரும் நிறமிகளும் காரம் தரும் கேப்சைசினும் எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் அவை வெளிவருவது மிகக் குறைவு. தண்ணீரில் கலக்கும்போது விழுதின் உப்பு மட்டும் உடனே கரைந்துவிடுகிறது, மற்றதெல்லாம் பயற்றுத் துணுக்குகளுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. உப்பும் காரமும் தனித்தனியே நிற்கின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த விழுது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் அதை ஏன் அவசரப்படுத்தக் கூடாது என்பது விளங்கும். சிச்சுவானின் தலைநகரான செங்டுவுக்கு வடமேற்கே உள்ள பீஷியான் என்ற பகுதிதான் இதற்குப் பேர்போனது. அங்கே ஃபாவா பீன்ஸ் எனப்படும் பெரிய அவரைப் பயற்றை உடைத்து, அதில் பூஞ்சை பிடிக்கவைத்து, உப்பிட்ட செம்மிளகாயோடு கலந்து பெரிய மண்சாடிகளில் இடுகிறார்கள். பகலில் சாடியைத் திறந்து வெயில் காட்டிக் கிளறுகிறார்கள், இரவில் பனி படவிடுகிறார்கள், மழை வந்தால் மூடிவிடுகிறார்கள். இப்படி ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பக்குவப்படும் விழுது செங்கல் நிறத்திலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறும். இந்தச் செய்முறை 2008இல் சீனத் தேசிய மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. அத்தனை மாதங்களில் பயற்றின் புரதம் சிதைந்து உருவான சுவைதான் நீங்கள் தேடும் ஆழம். அதை வெளிக்கொண்டுவர எண்ணெயும் குறைந்த தீயும் மூன்று நிமிடப் பொறுமையும் வேண்டும்.

400 கிராம் டோஃபுவுக்கு நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் வையுங்கள். இரண்டு தேக்கரண்டியில் இந்த உணவு வராது. எண்ணெயைக் குறைக்க வேண்டுமென்றால் பரிமாறும்போது மேலே நிற்பதை ஒதுக்கிக்கொள்ளலாம், சமைக்கும்போது குறைக்கக் கூடாது. சிச்சுவானில் வறுத்த கடுகினத்து விதை எண்ணெயில்தான் சமைக்கிறார்கள். நமக்குக் கடுகெண்ணெய் அதற்கு ஓரளவு பக்கத்தில் வரும். அதைப் புகையும் வரை காய்ச்சி, அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிட்டால் அதன் காட்டம் அடங்கிவிடும். நெடி பிடிக்காதவர்கள் கடலையெண்ணெயில் செய்யலாம்.

அந்த எண்ணெயில் முதலில் 100 கிராம் கொத்துக்கறியை வதக்க வேண்டும். கறி விடும் நீரால் எண்ணெய் கலங்கிப் பால்போல் ஆகும். நீர் முழுதும் வற்றி, எண்ணெய் மறுபடி தெளிந்து, கறி மொறுமொறுப்பாகும் வரை விட வேண்டும். பிறகு தீயை நன்றாகக் குறைத்து, கத்தியால் பொடியாகக் கொத்திய டோபான்ஜியாங் இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். முதலில் விழுதில் உள்ள ஈரத்தால் நுரை கட்டும், உப்பேறிய பச்சைப் பயற்று வாசனை எழும். கிளறிக்கொண்டே இருந்தால் நுரை அடங்கி, குமிழிகள் சிறுத்து, எண்ணெய் ஆரஞ்சிலிருந்து அடர்சிவப்புக்கு மாறும். பயற்றுத் துணுக்குகள் சுருங்கி வாணலியின் அடியில் ஒட்டாமல் தனித்தனியே ஓடும். வற்றல்குழம்புக்கு எண்ணெய் பிரியும் வரை காத்திருக்கிறோமே, அதே பக்குவம்தான். அந்த நிறம் வந்த பிறகே, உப்பிட்டுப் புளிக்கவைத்த கறுப்புச் சோயாப் பயறு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய இஞ்சியும் பூண்டும் சேர்த்து, அரை நிமிடம் புரட்டி, 200 மில்லி எலும்புச்சாறோ வெந்நீரோ ஊற்ற வேண்டும். இஞ்சி பூண்டு விழுதை முதலிலேயே போடுவது இங்கே உதவாது, அது கருகிக் கசக்கும். மிளகாய்த்தூளுக்குக் காஷ்மீரி அல்லது பியாடகி மிளகாயே பொருத்தம், ஏனென்றால் பீஷியானில் பயன்படும் மிளகாயும் நிறமும் மணமும் மிகுந்து, காரம் நடுத்தரமாக உள்ள வகைதான். குண்டூர் மிளகாயைப் போட்டால் காரம் மற்றதையெல்லாம் அடித்துவிடும்.

ஷெஸ்வான் சாஸ் பெயரளவில்தான் சிச்சுவான். அது இந்தியச் சீனச் சமையலில் பிறந்தது. மிளகாய், பூண்டு, வினிகர், சர்க்கரை ஆகியவற்றால் ஆனது. அதில் புளிக்கவைத்த பயறு கிடையாது. நூடுல்ஸுக்கு நானும் அதை விரும்பித்தான் சேர்க்கிறேன், அதைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆனால் மாப்போ டோஃபுவில் புளிப்புக்கு இடமே இல்லை. எண்ணெயை மாற்றலாம், கறியை மாற்றலாம், கறுப்புச் சோயாப் பயறு இல்லாமலும் ஒருவாறு சமாளிக்கலாம். டோபான்ஜியாங் இல்லாவிட்டால் வேறு ஏதாவது சமைப்பதே மேல். ஒரு பொட்டலம் வாங்கினால் பல மாதங்களுக்கு வரும். பிரித்த பிறகு கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.


பதில்: சோற்றுப்பானை

மேலே எழுதியவர் விழுதைப் பற்றி வேண்டியதைச் சொல்லிவிட்டார். டோஃபுவைப் பற்றியும் அடியில் தேங்கும் தண்ணீரைப் பற்றியும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே பிரச்சினைதான்.

டோஃபுவைப் பொட்டலத்திலிருந்து எடுத்து நறுக்கி நேராகக் குழம்பில் போட்டால், அது தன்னுள் இருக்கும் நீரைக் குழம்பில் விட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்க்க, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுச் சூடாக்கி, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிய துண்டுகளை அதில் மூன்று நான்கு நிமிடம் வைக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் சிறு குமிழிகள் எழும் சூடே போதும். உப்பு, மேற்பரப்பிலுள்ள நீரை இழுத்துத் துண்டைச் சற்று இறுக்கும், உள்ளேயும் கொஞ்சம் ஏறும், பச்சைச் சோயா வாடையும் போகும். குழம்பு தயாராகும் வரை துண்டுகள் அந்தச் சுடுநீரிலேயே இருக்கட்டும். ஓட்டைக் கரண்டியால் அரித்தெடுத்துச் சூட்டோடு குழம்பில் இறக்குங்கள். குளிர்ந்த டோஃபுவைப் போட்டால் குழம்பின் சூடு இறங்கி, அது மறுபடி கொதிப்பதற்குள் துண்டுகள் பாதி உடைந்துபோகும்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. பனீர்போல் கெட்டியாக இருப்பது உடையாது, ஆனால் சுவையை உள்வாங்காது. வாயில் வைத்தால் ரப்பர்தான். பெட்டியில் வரும் மிக மென்மையான வகை பழகிய கைக்குத்தான் அடங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மென்வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதுவானாலும், வாணலியில் போட்ட பிறகு கரண்டியால் கிளறவே கூடாது. கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகால் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளினால் போதும்.

மாவை ஒரே முறையில் ஊற்றுவதும் தண்ணீர் தேங்கக் காரணம். சீனச் சமையற்காரர்கள் மூன்று தவணையாக ஊற்றுவார்கள். டோஃபு கொதிக்கக் கொதிக்க நீர் விடும் என்பதால், முதலில் ஊற்றிய மாவின் கெட்டி இளகிவிடும், அடுத்த தவணை அதைச் சரிசெய்யும். வீட்டளவில் இரண்டு தவணையே போதும் என்பது என் கருத்து, மூன்றாவது முறை குழம்பு களியாகிவிடும் அபாயம் உண்டு. ஒரு மேசைக்கரண்டி மாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, பாதியை ஊற்றி ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு மீதியை ஊற்றி மறுபடியும் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். கொதி வராமல் இறக்கினால் மாவு வேகாது, பச்சை வாசனை அடிக்கும், சற்று நேரத்தில் நீர்த்தும்போகும். உருளைக்கிழங்கு மாவு கிடைத்தால் குழம்பு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். சோள மாவு சற்று மங்கலாக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.


பதில்: மலைச்சாரல்

உதடு மரத்துப்போகவில்லை என்பதற்கு நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பொடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிச்சுவான் மிளகு நம் மிளகுக்கு உறவே இல்லை. அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள்மரத்தின் காய். நம் கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். (அந்த உறவால்தான், எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தில் அமெரிக்கா 1968 முதல் 2005 வரை அதன் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது.) மரப்பைத் தருவது சான்ஷூல் என்ற பொருள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அது உதட்டில் ஏற்படுத்தும் உணர்வு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிர்வதற்கு ஒப்பானது என்று கண்டார்கள். அதாவது நாம் உணர்வது சுவையைவிடத் தொடுவுணர்வுக்கே நெருக்கமானது. இந்தப் பொருளும் மிளகின் மணமும் பொடித்து வைத்தால் விரைவில் போய்விடும். ஆகவே முழுக்காயாக வாங்குங்கள்.

காய்களைத் தட்டில் பரப்பிக் கறுப்பு விதைகளையும் முள்ளையும் காம்பையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். விதையில் மணமும் இல்லை, மரப்பும் இல்லை, பல்லில் மணல்போல் நறநறக்கும். தோலை மட்டும் வெறும் வாணலியில் மிகக் குறைந்த தீயில் மணம் எழும் வரை வறுத்து, ஆறவைத்து, உரலில் இடித்துச் சலித்து, அரைத் தேக்கரண்டி அளவுக்கு இறக்கிய பிறகே தூவுங்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே இடிப்பது நல்லது.

பதிலிப் பொருள் தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. நேபாளத்தில் திமூர் என்று ஒரு காய் உண்டு. கொங்கணக் கரையில் அயிலை மீன் குழம்பிலும் துவரம்பருப்புக் குழம்பிலும் சேர்க்கும் திர்பலும் அப்படித்தான். இரண்டும் சிச்சுவான் மிளகுக்கு ஒன்றுவிட்ட உறவினர்கள். திமூரில் எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கும், மரப்பும் குறைவில்லை. அதை அப்படியே மாப்போ டோஃபுவுக்குப் பயன்படுத்தலாம், நான் செய்திருக்கிறேன். திர்பல் பெரியது, அதன் மணம் வேறு திசையில் போகும். அதைப் போட்டுச் செய்தால் நன்றாகவே இருக்கும், ஆனால் சாப்பிடும்போது கோவாதான் நினைவுக்கு வரும்.


கேள்வி கேட்டவர்: மாடிச்சமையல்

மூவருக்கும் மிக்க நன்றி. இத்தனை விளக்கமாகப் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. என் மாமியார் புலால் உண்ணாதவர். கறி இல்லாமல் செய்தால் இதன் இயல்பு கெட்டுவிடுமா? அடுத்து, டோபான்ஜியாங், கறுப்புச் சோயா, சோயா சாஸ், உப்பு நீரில் வைத்த டோஃபு என்று எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறதே, மொத்தத்தில் கரிக்காதா?


பதில்: இருப்புச்சட்டி

கறியைப் பொறுத்தவரை, மரபு மாட்டிறைச்சிதான். 1862 வாக்கில் செங்டுவின் வடக்கே வான்ஃபு பாலத்தருகே சென் என்ற குடும்பப் பெயருள்ளவரின் மனைவி நடத்திய சிறு உணவுக்கடையில் இது தோன்றியதாகச் சொல்வார்கள். எண்ணெய் சுமந்து செல்லும் கூலியாட்கள் அங்கே தங்கி இளைப்பாறுவார்களாம். கிண்ணத்தில் எண்ணெய் தாராளமாக நிற்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் 400 கிராம் டோஃபுவில் 100 கிராம் கறி என்பது வெறும் துணைதான். அது தருவது கொஞ்சம் மொறுமொறுப்பும் கொஞ்சம் இறைச்சிச் சுவையும். உலர்ந்த ஷீட்டாக்கே காளானை வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பொடியாகக் கொத்தி, கறியைப் போலவே ஈரம் வற்றி ஓரம் சிவக்கும் வரை வதக்கினால் இரண்டும் கிடைத்துவிடும். பிழியாமல் போட்டால் காளான் வேகுமே தவிர வறுபடாது. ஊறவைத்த நீரை வடிகட்டி, எலும்புச்சாற்றுக்குப் பதிலாக ஊற்றுங்கள். டோபான்ஜியாங்கில் பொதுவாகப் புலால் எதுவும் சேர்வதில்லை, கோதுமை மாவு சேர்வதுண்டு. உங்கள் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதில் தவறில்லை என்பதற்குச் சான்றும் இருக்கிறது. சிச்சுவானிலிருந்து ஜப்பானுக்குப் போன சென் கென்மின் என்ற சமையற்கலைஞர் 1958இல் டோக்கியோவில் உணவகம் தொடங்கி, ஜப்பானியர் நாக்குக்கேற்பக் காரத்தையும் மரப்பையும் தணித்து இந்த உணவைக் கொடுத்தார். இன்று அது அங்கே வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்டது. அவரும் டோபான்ஜியாங்கை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உப்பைப் பற்றி நீங்கள் அஞ்சுவது நியாயமே. குழம்பில் தனியாக உப்புப் போடவே வேண்டாம். கறுப்புச் சோயாப் பயற்றை ஒரு முறை தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். எலும்புச்சாறு ஊற்றுவதானால் அதிலும் உப்பு இருக்கக் கூடாது. கடையில் விற்கும் கட்டிகளைக் கரைத்து ஊற்றினால் நிச்சயம் கரிக்கும். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம், அதுவும் டோஃபு கொதித்த பிறகு ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள். சர்க்கரை அரைத் தேக்கரண்டி போட்டால் இனிப்புத் தெரியாமல் உப்பின் முரட்டுத்தனத்தை அடக்கும். வெறும் சோற்றுடன் சாப்பிடும் உணவு இது, ஆகவே தனியே ருசி பார்க்கும்போது உப்பு ஒரு கல் தூக்கலாக இருப்பதே சரியான அளவு.


பதில்: சோற்றுப்பானை

மாமியாருக்காகச் செய்யும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். சிலர் சமயக் காரணத்தால் பூண்டும் வெங்காயமும் சேர்ப்பதில்லை. அப்படியானால் இரண்டையும் விட்டுவிட்டு இஞ்சியைக் கூட்டிக்கொள்ளலாம், கறுப்புச் சோயாவின் மணம் அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். ஆனால் சில டோபான்ஜியாங் வகைகளிலும் பூண்டு சேர்க்கிறார்கள், வாங்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். பூண்டு சாப்பிடுபவர் என்றால், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளை அடுப்பை அணைத்ததும் தூவி, சிச்சுவான் மிளகுப்பொடியை அதற்கும் மேலே போட்டு, உடனே பரிமாறுங்கள். ஆறிய மாப்போ டோஃபுவை மறுபடி சுடவைத்தால் மாவின் பிடி தளர்ந்து தண்ணீர் பிரிந்துவிடும். எனவே சோறு வடித்து, தட்டு வைத்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு டோஃபுவைக் குழம்பில் இறக்கினால் போதும்.